சட்டம் இயற்றாத சட்டமன்றம்: கலிஃபோர்னியாவின் மூத்தோர் அவை பற்றிய நிகழ்வு ஆய்வு

கலிஃபோர்னியாவின் தலைநகர் சாக்ரமெண்டோவில் ஆண்டுதோறும் அக்டோபர் மாதம், அசல் சட்டமன்ற உறுப்பினர்கள் தொகுதிகளுக்குத் திரும்பிவிட்ட பிறகு, இன்னொரு சட்டமன்றம் கூடுகிறது. அதற்கும் 40 பேர் கொண்ட செனட் உண்டு, 80 பேர் கொண்ட அசெம்பிளி உண்டு. குழுக்கள், விவாதம், வாக்கெடுப்பு எல்லாம் அசலைப் போலவே. உறுப்பினர்கள் எல்லோரும் 60 வயது நிரம்பியவர்கள். சம்பளம் கிடையாது. சான் டியகோக்காரர் என்றால் ஏறக்குறைய 800 கிலோமீட்டர் பயணம் செய்து வர வேண்டும்.

இதற்குக் கலிஃபோர்னியா மூத்தோர் சட்டமன்றம் என்று பெயர். இவர்கள் கூடிப் பேசி, ஓட்டுப் போட்டு நிறைவேற்றுகிற எதுவும் சட்டம் ஆகாது. மாநிலத்துக்குப் பத்து யோசனைகள், வாஷிங்டனில் உள்ள மைய அரசுக்கு நான்கைந்து என்று முன்னுரிமைப்படி ஒரு பட்டியல் போடுவார்கள். அந்தப் பட்டியலை எடுத்துக்கொண்டு அசல் உறுப்பினர்களின் அலுவலகங்களுக்கு ஏறி இறங்குவார்கள். அவர்களுக்கு உள்ள அதிகாரம் அவ்வளவுதான்.

நாற்பது ஆண்டுகளுக்கு மேல் இது நடந்துவருகிறது. ஓய்வுபெற்றவர்களுக்குப் பொழுதுபோக்கு என்று இதை ஒதுக்குபவர்கள் உண்டு. மக்களாட்சியின் உச்சம் என்று புகழ்பவர்களும் உண்டு. எனக்கு இரண்டிலும் உடன்பாடு இல்லை. இந்த அவை தோன்றுவதற்குச் சில ஆண்டுகள் முன்புதான், முதியவர்களை முன்னிறுத்திய ஓர் இயக்கம் அந்த மாநிலத்தின் அரசியலமைப்பையே மாற்றியிருந்தது. அந்தக் கதையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் மூத்தோர் சட்டமன்றத்தின் பலமும் பலவீனமும் பிடிபடும்.

முதலில் 1978

கலிஃபோர்னியாவில் சட்டம் இயற்ற இரண்டு பாதைகள் உண்டு. ஒன்று சட்டமன்றம். மற்றொன்று, போதுமான கையெழுத்து திரட்டி, ஒரு சட்ட வரைவை நேரடியாகத் தேர்தல் வாக்குச்சீட்டில் ஏற்றுவது. சாதாரணச் சட்டம் என்றால், முந்தைய ஆளுநர் தேர்தலில் பதிவான வாக்குகளில் 5 விழுக்காட்டு அளவுக்குக் கையெழுத்து வேண்டும். அரசியலமைப்புத் திருத்தம் என்றால் 8 விழுக்காடு.

1970களில் அங்கே வீட்டு விலை தாறுமாறாக ஏறியது. சொத்துவரி சந்தை மதிப்பை ஒட்டிக் கணக்கிடப்பட்டதால் வரியும் கூடவே ஏறியது. வேலையில் இருப்பவருக்குச் சம்பளமாவது கொஞ்சம் கூடும். ஓய்வூதியத்தில் வாழ்பவருக்கு வீட்டின் விலை ஏறினால் கையில் ஒரு டாலர்கூடக் கூடுதலாக வராது, வரிச்சீட்டு மட்டும் பெரிதாகும். கடனெல்லாம் அடைத்து முடித்த சொந்த வீட்டை வரி கட்ட முடியாமல் விற்க வேண்டிவரும் என்ற பயம் வயதானவர்களிடம் பரவியது. இவ்வளவுக்கும் மாநில அரசின் கஜானாவில் சில பில்லியன் டாலர் உபரி குவிந்து கிடந்தது.

சட்டமன்றம் ஒன்றும் செய்யாமல் இல்லை. 62 வயதைக் கடந்த, வருமானம் குறைந்த வீட்டுக்காரர்கள் சொத்துவரியைத் தள்ளிவைத்துக்கொள்ள 1977இல் ஒரு சட்டம் வந்தது. வரியை மாநில அரசே கட்டிவிடும், வீடு கைமாறும்போது வட்டியோடு திரும்ப எடுத்துக்கொள்ளும். யோசித்துச் செய்த திட்டம். ஆனால் எல்லா வீட்டுக்காரர்களுக்குமான பெரிய நிவாரணம் அந்த ஆண்டும் நிறைவேறவில்லை. மக்களின் பொறுமை அத்தோடு போயிற்று.

ஹாவர்ட் ஜார்விஸ், பால் கான் என்ற இருவர் திரட்டிய கையெழுத்துகள் 12 லட்சத்தைத் தாண்டின. 1978 ஜூன் 6 அன்று அவர்களுடைய வரைவு ‘புரொபசிஷன் 13’ என்ற எண்ணோடு வாக்கெடுப்புக்கு வந்தது. ஜார்விசுக்கு அப்போது வயது 74. கானுக்கு 65. ஏறக்குறைய 65 விழுக்காட்டு ஆதரவோடு அது வென்றது. சொத்துவரி, மதிப்பில் ஒரு விழுக்காட்டுக்கு மேல் போகக் கூடாது; மதிப்பு 1975 நிலவரத்துக்குத் திரும்ப வேண்டும்; அதன்பின் ஆண்டுக்கு 2 விழுக்காட்டுக்கு மேல் ஏறக் கூடாது; வீடு விற்கப்பட்டால்தான் புதிய மதிப்பீடு. மாநில வரியை உயர்த்தச் சட்டமன்றத்தில் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும் என்ற நிபந்தனையும் கூடவே வந்தது.

இனி, இந்தச் சட்டத்தை எழுதியது யார்? வயதில் மூத்தவர்கள்தான். ஆனால் ஜார்விஸ் லாஸ் ஏஞ்சலஸ் வட்டார அடுக்குமாடிக் கட்டட உரிமையாளர் சங்கத்தின் இயக்குநரும்கூட. வரிக்குறைப்பு முதியவர்களின் வீட்டோடு நிற்கவில்லை. ஆலைகள், அலுவலகக் கட்டடங்கள், வாடகைக் குடியிருப்புகள் எல்லாவற்றுக்கும் அதே சலுகை. வீட்டை இழக்கப்போகும் பாட்டியின் படம் பிரசாரத்துக்கு; சட்டத்தின் வாசகமோ சொத்து வைத்திருக்கும் எல்லோருக்கும்.

வாடகை வீட்டில் இருந்த முதியவர்களைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. வரி குறைந்தால் வாடகையும் குறையும் என்று ஜார்விஸ் தரப்பு சொல்லியிருந்தது. பெரும்பாலான இடங்களில் குறையவில்லை. அந்தக் கோபத்தில் லாஸ் ஏஞ்சலஸ், சான் பிரான்சிஸ்கோ நகரங்களில் அடுத்த ஓராண்டு வாக்கில் வாடகைக் கட்டுப்பாடு வந்தது. வயதான வாடகைக்காரர்கள் நிறைந்த சாண்டா மோனிகாவில் நடந்தது இன்னும் சுவாரசியம். புரொபசிஷன் 13 வென்ற அதே நாளில் அங்கே வாடகைக் கட்டுப்பாட்டு யோசனை ஒன்று தோற்றது. வாடகை குறையாததைப் பார்த்த அதே நகரத்து மக்கள் 1979 ஏப்ரலில் வேறொரு வாடகைக் கட்டுப்பாட்டை நிறைவேற்றினார்கள்.

பின்விளைவு ஒன்றும் முதியவர்களையே சுற்றிக்கொண்டது. பிள்ளைகள் போய்விட்டார்கள், வீடு பெரிது, மாடி ஏற முடியவில்லை. சின்ன வீட்டுக்கு மாறலாம் என்றால், புதிய வீட்டுக்குப் புதிய மதிப்பீடு, புதிய வரி. அதனால் பழைய வீட்டிலேயே அடைந்து கிடந்தார்கள். இதைச் சரிசெய்யவே 1986இல் புரொபசிஷன் 60 வந்தது. 55 வயதைக் கடந்தவர் அதே கவுண்டிக்குள் (நம் மாவட்டம் போன்றது) வீடு மாறினால் பழைய வரி மதிப்பைக் கொண்டுபோகலாம். 1988இல் வந்த புரொபசிஷன் 90, சம்மதிக்கிற கவுண்டிகளுக்கு இடையிலும் அதை அனுமதித்தது. 2018இல் ரியல் எஸ்டேட் முகவர் சங்கம் கொண்டுவந்த புரொபசிஷன் 5 தோற்றது. அதே சங்கத்தின் ஆதரவோடு 2020இல் புரொபசிஷன் 19 மயிரிழையில் வென்றது. இப்போது 55 வயதைக் கடந்தவர்கள் மாநிலத்துக்குள் எங்கு போனாலும் மூன்று முறைவரை பழைய மதிப்பை எடுத்துச் செல்லலாம். ஒவ்வொரு முறையும் விளம்பரத்தில் முதியவர் இருந்தார். வீடு கைமாறினால் கமிஷன் யாருக்கு என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

மெல்லோவின் யோசனை

ஹென்றி மெல்லோ, வாட்சன்வில் பகுதியிலிருந்து 1976இல் அசெம்பிளிக்கும் 1980இல் செனட்டுக்கும் தேர்வானவர். முதியோர் விவகாரங்களே தன் வேலை என்று வைத்துக்கொண்டவர். 1996இல் நிறைவேறிய மாநில முதியோர் சட்டம் இன்றும் மெல்லோ-கிரான்லண்ட் சட்டம் என்றுதான் அழைக்கப்படுகிறது. 1980களின் தொடக்கத்தில் மூத்தோர் சட்டமன்றம் உருவாகப் பின்னால் நின்றவரும் அவர்தான்.

யோசனை முழுக்கப் புதிது அல்ல. மிசூரி மாநிலத்தில் 1973லேயே ‘வெள்ளிமுடிச் சட்டமன்றம்’ தொடங்கிவிட்டது. டெக்சஸ், கான்சஸ் போன்ற மாநிலங்களிலும் அதே பெயரில் அவைகள் வந்தன. 1997இல் தேசிய அளவிலும் ஒன்று கூடியது.

கலிஃபோர்னியாவுக்கு ஒரு வசதி இருந்தது. 1965ஆம் ஆண்டு முதிய அமெரிக்கர் சட்டத்துக்கு 1973இல் வந்த திருத்தம், நாடு முழுக்க வட்டார முதியோர் நல முகமைகளை உருவாக்கியது. சாப்பாடு கொண்டுபோய்க் கொடுப்பது, வாகன வசதி, பராமரிப்பு உதவி எல்லாம் அவற்றின் வேலை. ஒவ்வொரு முகமைக்கும் ஓர் ஆலோசனைக் குழு உண்டு. அதில் பாதிக்கு மேல் முதியவர்களாகவே இருக்க வேண்டும் என்பது விதி. கலிஃபோர்னியாவில் இப்படி 33 வட்டாரங்கள். லாஸ் ஏஞ்சலஸ் நகரம் ஒன்று, அதைச் சுற்றிய கவுண்டி இன்னொன்று. வடகோடியில் ஐந்து மலைக் கவுண்டிகள் சேர்ந்து ஒன்று. மூத்தோர் சட்டமன்றத்துக்கான தேர்வை இந்த ஆலோசனைக் குழுக்களே நடத்துகின்றன. புதிதாக ஒரு தேர்தல் இயந்திரம் கட்ட வேண்டிய அவசியம் வரவில்லை.

பலவீனமும் அங்கேதான் தொடங்குகிறது. முதியோர் மையத்துக்கு வந்துபோகிறவர், கூட்டங்களில் பேசிப் பழகியவர், ஆங்கிலம் தடையில்லாதவர், நான்கு நாள் வெளியூரில் தங்கும் அளவு உடம்பு ஒத்துழைப்பவர் ஆகியோரே எளிதில் இதற்குள் வர முடியும். படுக்கையில் இருப்பவருக்காகவும் அவரைப் பார்த்துக்கொள்ளும் 75 வயது மனைவிக்காகவும் வேறு யாரோதான் பேச வேண்டியிருக்கிறது. எந்தப் பிரதிநிதி அவைக்கும் இந்தக் குறை உண்டு என்றாலும், முதுமையைப் பற்றிப் பேசும் அவையில் இது கூடுதலாக உறுத்துகிறது.

அக்டோபருக்குப் பிறகு

உறுப்பினர் தன் வட்டாரத்தில் கேட்டறிந்த ஒரு பிரச்சினையை யோசனையாக எழுதிக்கொண்டு வருகிறார். சட்ட வரைவு அலுவலகத்தின் உதவியோடு அது மசோதா வடிவத்துக்கு மாறுகிறது. அக்டோபர் கூட்டத்தில் குழு விசாரித்து, அவை ஓட்டுப் போடுகிறது. எல்லோரும் படம் எடுத்துக்கொள்வதும் அப்போதுதான். உண்மையான வேலை ஆரம்பிப்பது அதற்கு அடுத்த வாரம்.

முதல் வேலை, மசோதாவைத் தன் பெயரில் கொண்டுவர ஓர் அசல் உறுப்பினரைப் பிடிப்பது. மசோதாக்களை அறிமுகம் செய்யும் கெடு பிப்ரவரி மூன்றாம் வார வாக்கில் முடிந்துவிடும். ஆக, கிறிஸ்துமஸ் விடுமுறையும் சேர்த்து நான்கு மாதம். ஒவ்வோர் ஆண்டும் இரண்டாயிரத்துக்கு மேல் மசோதாக்கள் அறிமுகமாகும் அவை அது. மருத்துவமனைகள், காப்பீட்டு நிறுவனங்கள், தொழிற்சங்கங்கள், நகராட்சிகள் எல்லாம் அதே கதவுகளில்தான் நிற்கும், அதுவும் சம்பளம் வாங்கும் ஆட்களோடு. யாரும் கிடைக்காவிட்டால் யோசனை அங்கேயே படுத்துவிடும்.

ஆள் கிடைத்தாயிற்று. அறிமுகமான மசோதாவைப் பொதுவாக 30 நாள் கழியும்வரை விசாரிக்கக் கூடாது, மக்கள் படித்துப் பார்க்க வேண்டும் என்பதற்காக. காலையில் அறிமுகம், சில நாட்களில் நிறைவேற்றம் என்று நம் ஊர் அவைகளைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இது ஆடம்பரமாகத் தெரியலாம். பிறகு துறைக் குழுவின் விசாரணை. வழக்கமாக ஒரு தரப்புக்கு இரண்டு முதன்மைச் சாட்சிகள், ஆளுக்குச் சில நிமிடம். மற்றவர்கள் ஒலிவாங்கி முன் வரிசையில் வந்து பெயர், அமைப்பு, ஆதரவா எதிர்ப்பா என்பதை மட்டும் சொல்லிவிட்டு நகர வேண்டும். மூத்தோர் சட்டமன்ற உறுப்பினர் அந்த முதன்மைச் சாட்சியின் நாற்காலியில் உட்காரும்போதுதான் அவருடைய இருப்புக்கு மதிப்பு. தன் தெருவில் நடந்ததைச் சொல்லும் ஒருவரைக் குறுக்குக் கேள்வி கேட்டு மடக்க எந்த அரசியல்வாதியும் விரும்பமாட்டார். கூலிக்கு வாதாடுபவருக்கு இந்த மரியாதை கிடைக்காது.

துறைக் குழுவைத் தாண்டினால் நிதி ஒதுக்கீட்டுக் குழு. முதியோர் மசோதாக்களுக்கு ஆபத்தான இடம் இது. செலவு ஒரு வரம்பைத் தாண்டினால் மசோதா ‘சஸ்பென்ஸ் ஃபைல்’ என்ற அடுக்குக்குப் போய்விடும். அசெம்பிளியில் அந்த வரம்பு 1,50,000 டாலர். செனட்டில் மாநிலப் பொதுநிதியிலிருந்து 50,000 டாலர் என்றாலே போதும். இத்தனை பெரிய மாநிலத்தில் ஒரு துறைக்கு ஓர் ஊழியரைக் கூடுதலாகப் போட்டாலே அந்தத் தொகை தாண்டிவிடும். ஆண்டுக்கு இரண்டு முறை அந்த அடுக்கில் உள்ள நூற்றுக்கணக்கான மசோதாக்களின் கதியை ஒரே அமர்வில் படபடவென்று வாசிப்பார்கள். சாட்சியம் கிடையாது, பெரும்பாலும் காரணமும் சொல்லப்படாது. யாரும் எதிர்த்து ஓட்டுப் போடாமலேயே ஒரு மசோதா செத்துப்போகும்.

வீட்டுப் பராமரிப்பு, சாப்பாடு, போக்குவரத்து, பல் சிகிச்சை என்று முதியவர்களுக்குத் தேவைப்படுவதில் பெரும்பகுதி பணம் கேட்பது. அதனால் நாளடைவில் ஒரு வடிகட்டல் நடக்கிறது. செலவில்லாத யோசனைகள் தப்பிக்கின்றன: தகவல் தர வேண்டும், பயிற்சியில் இதைச் சேர்க்க வேண்டும், படிவத்தில் இந்தக் கேள்வி இருக்க வேண்டும், ஒரு குழு ஆராய வேண்டும். இவற்றில் பயன் இல்லை என்று சொல்லமாட்டேன். முதியோர் காப்பகத்தில் ஒரு விதி மாறினால் அங்கே இருப்பவரின் நாள் மாறும். ஆனால் தான் நிறைவேற்றக்கூடியதை மட்டும் கேட்கப் பழகிய அவை, கேட்க வேண்டியதை எவ்வளவு விட்டிருக்கும் என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

வென்றால் பெயர் அசல் உறுப்பினருக்குப் போகும். மசோதாவுக்குப் பின்னால் ஓய்வுபெற்றோர் சங்கங்கள், காப்பக நோயாளிகளின் உரிமை அமைப்புகள் என்று பலர் நின்றிருப்பார்கள். மூத்தோர் சட்டமன்றம் தங்கள் யோசனைகள் நூற்றுக்கணக்கில் சட்டமாகியிருப்பதாகச் சொல்கிறது. ஒரு சட்டத்தை யார் பிள்ளை என்று பிரித்துச் சொல்வது கடினம். எண்ணிக்கையை நான் அளவுகோலாக எடுத்துக்கொள்ளவில்லை.

அசல் உறுப்பினர்களிடம் இல்லாத ஒன்று இவர்களிடம் சேர்ந்துகொண்டதைத்தான் பெரிதாக நினைக்கிறேன்: ஞாபகம். 1990இல் வந்த புரொபசிஷன் 140, அசெம்பிளியில் 6 ஆண்டு, செனட்டில் 8 ஆண்டு என்று பதவிக்காலத்துக்கு வரம்பு கட்டியது. 2012இல் அது மொத்தம் 12 ஆண்டு என்று மாறியது. மெல்லோ போல ஒரே துறையில் இருபது ஆண்டு ஊறியவர் இனி வர முடியாது. புதிதாக வந்த 35 வயது உறுப்பினரிடம், இதே மசோதா முன்பு எந்தக் குழுவில் எதனால் விழுந்தது என்று சொல்ல ஓர் ஆள் வேண்டும். அந்த இடத்தில், காசு வாங்கிக்கொண்டு உறுப்பினர்களிடம் ஆதரவு தேடும் பரப்புரை (லாபி) நிறுவனங்கள் உட்கார்ந்துவிட்டன என்ற புகார் சாக்ரமெண்டோவில் பழையது. சம்பளம் வாங்காத 70 வயதுக்காரர் ஒருவர் அதே ஞாபகத்தோடு வருவது அந்தப் புகாருக்குக் கொஞ்சமாவது மாற்று.

படிவத்தில் ஒரு கட்டம்

சம்பளம் இல்லையென்றாலும் பயணம், தங்குமிடம், அலுவலகம், ஓரிரு ஊழியர் ஆகியவற்றுக்குப் பணம் வேண்டும். அரசுப் பணத்தை எடுக்காமல் அதற்கு ஒரு வழி வைத்தார்கள். மாநில வருமானவரிப் படிவமான 540இல், விருப்பம் உள்ளவர் நன்கொடை தரச் சில கட்டங்கள் இருக்கும். அதில் ஒன்று முதியோர் நிதி. ஒரு டாலரிலிருந்து எவ்வளவும் எழுதலாம்.

ஆரம்பத்தில் அந்தப் பட்டியல் சிறியது. பிறகு அல்சைமர் ஆய்வு, மார்பகப் புற்றுநோய் ஆய்வு, தீயணைப்பு வீரர் நினைவகம் என்று நீண்டுகொண்டே போனது. 2007இல் கடல் நீர்நாய்க்கும் ஒரு கட்டம் வந்தது. பாவம், நீர்நாயோடு போட்டி போட்டு எந்த முதியவர் ஜெயிக்க முடியும்? வரிப் படிவம் நிரப்புவது கணினி மென்பொருளுக்கு மாறிய பிறகு, கட்டத்தைத் தாண்டிப் போவது ஒரு சொடுக்கில் முடிந்துவிடுகிறது.

விதிப்படி ஆண்டுக்கு 2,50,000 டாலர் சேராத நிதி படிவத்திலிருந்து நீக்கப்படும். 2010களில் அதுதான் நடந்தது. பழைய நிதி போனது. மூத்தோர் சட்டமன்றத்தின் பெயரிலேயே இன்னொன்று வந்தது. அதன்பின் மூத்த குடிமக்கள் பரப்புரை நிதி என்று மற்றொன்று. ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு சட்டம் வேண்டும். மற்றவர்களுக்காக மசோதா தேட வேண்டிய அவை, தான் உயிரோடு இருக்கவே மசோதா தேடி அலைந்தது. கடைசியில் மாநில பட்ஜெட்டையும் நாட வேண்டியிருந்தது. அரசுப் பணம் வாங்கினால் சுதந்திரம் போய்விடும் என்ற பழைய வாதத்தில் நியாயம் இருக்கலாம். ஆனால் நன்கொடைக் கட்டத்தை நம்பியிருந்ததில் சுதந்திரம் எங்கே வந்தது என்று எனக்குப் புரியவில்லை.

கணக்கு

1978இல் முதியவர்களின் ஓட்டுக்குப் பெரிய வலு இருந்தது. ஆனால் வாக்குச்சீட்டில் இருந்த வாசகத்தை ஆம், இல்லை என்பதற்கு மேல் அவர்களால் தொட முடியவில்லை. மூத்தோர் சட்டமன்றத்தில் வாசகத்தை அவர்களே எழுதுகிறார்கள், அதற்கு ஓட்டு வலு இல்லை. 1977இன் வரித் தள்ளிவைப்புத் திட்டத்துக்கு என்ன நேர்ந்தது என்பதும் இங்கே பொருந்தும். தேவைப்படும் முதியவரை மட்டும் குறிவைத்த அந்தத் திட்டம் 2009இல் நிதி நெருக்கடியில் நிறுத்தப்பட்டது. 2016இல்தான் மீண்டும் விண்ணப்பம் வாங்கத் தொடங்கியது. அரசியலமைப்பில் ஏறிவிட்ட புரொபசிஷன் 13இன் அடிப்படையை யாராலும் அசைக்க முடியவில்லை. வணிகக் கட்டடங்களுக்கு மட்டும் அதை மாற்றப் பார்த்த புரொபசிஷன் 15கூட 2020இல் தோற்றது.

2030இல் கலிஃபோர்னியாவில் 60 வயதைக் கடந்தவர்கள் ஒரு கோடியைத் தாண்டுவார்கள், மக்கள்தொகையில் கால்வாசி. மாநில அரசு 2021 ஜனவரியில் முதுமைக்கான பெருந்திட்டம் ஒன்றை வெளியிட்டதும் அந்தக் கணக்கை வைத்துத்தான். இவ்வளவு பேருக்கான அவை, அசல் உறுப்பினர் ஒருவரின் தயவு கிடைக்குமா என்று ஒவ்வொரு குளிர்காலமும் காத்திருப்பது பொருத்தமாக இல்லை. அதற்கு உண்மையான ஓட்டுரிமை கொடுக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. பொதுத்தேர்தலில் வராதவர்களுக்கு, அதுவும் ஆலோசனைக் குழுக்கள் வழியே வந்தவர்களுக்கு, அது கூடாது.

ஆனால் சின்ன மாற்றம் ஒன்று சாத்தியம். தனி உறுப்பினர் பெயரில் இல்லாமல், ஒரு குழுவின் பெயரிலேயே மசோதா கொண்டுவரும் வழக்கம் அந்தச் சட்டமன்றத்தில் ஏற்கெனவே இருக்கிறது. அசெம்பிளியில் முதுமை, நீண்டகாலப் பராமரிப்பு ஆகியவற்றுக்கென்றே ஒரு நிலைக்குழு உண்டு. அக்டோபர் பட்டியலில் முதல் இரண்டு யோசனைகளை அந்தக் குழு தன் பெயரில் அறிமுகம் செய்தால், குறைந்தபட்சம் ஒரு பொது விசாரணை உறுதி. சஸ்பென்ஸ் ஃபைலில் பிறகு விழுந்தாலும் யார் என்ன சொன்னார் என்பது பதிவில் இருக்கும். இதற்குப் புதிய சட்டமோ நிதியோ வேண்டாம், குழு உறுப்பினர்களின் சம்மதம் போதும்.